கீழே யாரும் இல்லாத வீடு

அந்தக் குடும்பத்தில் சத்தம் என்றால் அது மகள்தான். பிறந்த அன்றே ஆஸ்பத்திரி முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி அழுதவள். நடக்கத் தெரியாது, ஓடத்தான் தெரியும். பேசத் தெரியாது, கத்தத்தான் தெரியும். அப்பா அவளுக்கு வைத்த பெயர் பட்டாசு. அவருக்கு வெளிநாட்டில் ரொட்டித் தொழிற்சாலை வேலை கிடைத்து, மூவரும் வந்து இறங்கியபோது அவளுக்கு நாலு வயது. விமான நிலையத்தின் வழவழத் தரையைப் பார்த்ததும் கூவிக்கொண்டே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினாள். “இந்த ஊரையே ஒரு கை பாத்துடுவா,” என்று அப்பா சிரித்தார்.

ஊர்தான் அவளை ஒரு கை பார்த்தது. கிடைத்த வீடு மூன்றாவது மாடியில், மரத்தரை. இங்கே ஒரு ஸ்பூன் விழுந்தால் கீழ்வீட்டுக்காரரின் தலையிலேயே விழுந்த மாதிரி. வயதானவர், தனியாள், தூக்கம் வராத சீக்கு வேறு. குழந்தை ஓடினால் போதும், ஒரு கம்பை எடுத்துத் தன் கூரையை டொக் டொக்கென்று இடிப்பார். அவருக்குத் ‘தடியடி’ என்று பெயர் வைத்து முதல் வாரம் மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வீட்டின் சொந்தக்காரி வந்து வாசலில் நின்றபடியே பேசிவிட்டுப் போன பிறகு சிரிப்பு நின்றது. இன்னொரு புகார் வந்தால் காலி செய்துவிட வேண்டுமாம். அந்த ஊரில் குழந்தையோடு வருகிறவர்களுக்கு வேறு வீடு லேசில் கிடைக்காது. வீடில்லாமல் வேலை நிலைக்காது, வேலையில்லாமல் விசா நிலைக்காது.

மகளை அடிக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. அதனால் விளையாட்டாக்கினாள். சத்தமில்லாமல் சமையலறை வரை போய்வந்தால் மகள் சமத்து. முதலில் நுனிக்கால் நடை. அப்புறம் கதவைக் கை வைத்து மெல்லச் சாத்துவது. அப்புறம் தும்மல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைப்பது. அம்மாவின் பழைய புடவைகள் நாலாக மடிந்து தரைக்குப் போயின. விழுந்து முட்டி பெயர்ந்தாலும் வாயைத் திறக்காமல் நின்றால் ரொம்பச் சமத்து. எப்படி வழிக்குக் கொண்டுவந்தாய் என்று கணவர் அதிசயப்பட்டபோது அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது.

“அன்பா சொன்னா கேக்காத புள்ள உண்டாங்க?”

பிள்ளை கேட்டது. அதுதான் கொடுமை. டொக் டொக் குறைந்து, பிறகு நின்றே போனது. வீட்டில் பட்டாசு என்று கூப்பிடும் பழக்கமும் நின்றது. அது எப்போது நின்றது என்று யாரும் கவனிக்கவில்லை. ஒருநாள் கணவர் வேலை முடிந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

“என்னங்க, ஒரு மாதிரி இருக்கீங்க?”

“தடியடிய மாடிப்படில பாத்தேன். குழந்தைய ஊருக்கு அனுப்பிட்டீங்களான்னு கேட்டார். சத்தமே இல்லையாம்.”

“பாத்தீங்களா, அவர் வாயாலயே சொல்லிட்டாரு,” என்று அவள் பூரித்துப் போனாள்.

அவர் பூரிக்கவில்லை. அறை மூலையில், வாயசைத்து மட்டும் பொம்மையோடு பேசிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தார். “வேற வீடு பாப்போம். தரையோட இருக்கற வீடா,” என்றார்.

நாயாய் அலைந்தார். கடைசியில் தொழிற்சாலைக்கு இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் ஒரு தனி வீடு அமைந்தது. ஓதம் ஏறிய சுவர், பின்னால் குப்பைத் தொட்டி வைக்கிற சந்து. ஆனால் மேலேயும் ஆளில்லை, கீழேயும் ஆளில்லை. சாமான்களை இறக்கிய அன்று அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

“இங்க கீழ யாரும்மா?” என்று மகள் அவள் காதோடு கேட்டாள்.

“யாருமில்லடி. மண்ணுதான். குதி. எவ்வளவு வேணும்னாலும் குதி.”

மகள் தரையைப் பார்த்தாள். பிறகு நுனிக்காலில் நடந்து சமையலறையை விட்டு வெளியே போனாள். புது இடம், பழகவேண்டாமா பாவம் என்று அம்மா சமாதானம் செய்துகொண்டாள். நாமே ஆரம்பித்து வைப்போம் என்று பாத்திரப் பெட்டியைத் தொப்பென்று போட்டாள். வாய்க்கு வந்த பாட்டைக் குரலெடுத்துப் பாடினாள். தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோலவே இத்தனை காலமும் கதவுகளைச் சாத்தி வந்தவள், இன்று ஆசை தீரச் சமையலறைக் கதவைக் காலால் ஓர் உதை விட்டாள். அது முழுக்க மூடவில்லை. ஓதத்தில் உப்பியிருக்கும் என்று நினைத்து, தோளைக் கொடுத்து அழுத்தினாள். பாட்டைத் தொடர்ந்தபடியே தட்டுகளை அடுக்கினாள்.

வாசலில் வேனிலிருந்து கட்டிலை இறக்கிக்கொண்டிருந்த கணவரை ஏதோ கேட்கலாம் என்று கதவைத் திறந்தபோது, அதன் மறுபக்கம் மகள் நின்றிருந்தாள். கீல் இடுக்கிலிருந்து அப்போதுதான் விடுபட்ட இரண்டு விரல்கள் நசுங்கி, நகம் ஒன்று பெயர்ந்திருந்தது. முகமெல்லாம் கண்ணீர். பல் பதிந்த உதட்டில் ரத்தம்.

“சத்தமே போடலம்மா,” என்றாள் மகள், கிசுகிசுப்பாக.

அம்மா அவளை வாரி மடியில் போட்டுக்கொண்டாள். “அழுடி. கத்தி அழு. யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க.”

மகள் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. அம்மா சொல்கிறாளே என்று கஷ்டப்பட்டு இன்னொரு தடவை திறந்தாள். தோள் குலுங்கியது, கண்ணீர் கொட்டியது, குரல் மட்டும் வரவில்லை. விரலை நசுக்கியது கதவு. குரலை நசுக்கியது, தான் தினமும் கொஞ்சிக் கொஞ்சிச் சொன்ன ‘சமத்து’ என்பது அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. தாங்க முடியவில்லை. அடிவயிற்றிலிருந்து பெரிதாக அலறினாள்.

மகள் பதறிப்போய், நல்ல கையால் அம்மாவின் வாயை இறுகப் பொத்தினாள்.