இடுப்புயரத்தில் பதினொரு படங்கள்

படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து ஐந்தடி. இருபத்திரண்டு வருடமாக இந்தக் காட்சிக்கூடத்தில் நான் படம் மாட்டும் உயரம் அதுதான். பெரிய ஓவியர், சின்ன ஓவியர், தலைக்கனம் பிடித்தவர், எல்லோருக்கும் ஐந்தடி. அதனால் மூன்றாவது அறையில் மட்டும் இடுப்புயரத்தில் மாட்டச் சொல்லி, கூடத்தை நடத்தும் மேடம் வந்து நின்றபோது எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"வர்றவங்கல்லாம் குனிஞ்சு பாக்கணுமா மேடம்? முதுகு பிடிச்சுக்கிட்டா யாரு பதில் சொல்றது?"

"கட்டில்ல படுத்துக்கிட்டே வரைஞ்ச படம். அவங்க கண்ணு எந்த உயரத்துல இருந்துச்சோ அங்கயே இருக்கட்டும்னு பொண்ணு கேக்குது. நல்ல யோசனைதானே?"

பொண்ணு என்றால் என் தங்கை மகள். படுத்துக்கொண்டு வரைந்தவள் என் தங்கை. அவள் இறந்து ஏழு மாதம் ஆகிறது.

ஐந்து பெண் ஓவியர்களுக்கு ஐந்து அறைகள், நாளைக்குத் திறப்பு. மற்ற நான்கு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். காலையிலிருந்து மாறி மாறி வந்து, கொஞ்சம் இடது, கொஞ்சம் வலது என்று என் உயிரை வாங்கினார்கள். மூன்றாவது அறைக்கு மட்டும் தொந்தரவு கொடுக்க ஆளில்லை.

பொய் சொல்லக் கூடாது, எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. ஏழு மாதமாக அப்படித்தான் இருக்கிறேன். அழுகை வரவில்லை. வரவில்லையே என்ற வருத்தமும் இல்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், ஆணி அடிக்கிறேன். பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி மரத்துக் கிடக்கிறது. தொட்டால் என்னுடையது என்றே தெரியவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவள் ஒரே ஒரு படத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு இங்கே வந்தாள். "அக்கா, உங்க மேடத்துக்கிட்ட ஒரு தடவை காட்டேன்" என்றாள். நான் ஏணியில் நின்றபடியே பார்த்தேன். கீழே இறங்கக்கூட இல்லை. "இங்க மாட்டுற அளவுக்கு இல்லடி. வீட்ல வச்சுக்க" என்றேன். வாயா அது! அவள் திரும்பச் சுற்றிக்கொண்டு போனாள். அதோடு பேச்சு நின்றது. அப்புறம் முதுகெலும்பில் நோய் வந்து கட்டிலோடு கிடந்தாள், பதினான்கு மாதம். அவள் கூப்பிடவில்லை. நானும் போகவில்லை. ஊருக்குச் சொன்னது அதுதான்.

உண்மையில் ஒரு தடவை போனேன். ஒரு மத்தியானம், வேலை முடிந்த கையோடு, தோளில் என் காக்கிக் கருவிப் பையோடு. வெளிக்கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. அவள் அறை வாசலில் போய் நின்றேன். கண் மூடிக் கிடந்தாள். போர்வைக்கு வெளியே ஒரு கை, அவ்வளவு மெலிந்து. அப்பாடா, தூங்குகிறாள் என்று நினைத்தேன். ஆமாம், அப்பாடா என்றுதான். அப்படியே திரும்பி வந்துவிட்டேன். மறுநாள் அவள் வீட்டுக்காரர் பார்க்க வரச் சொல்லிப் போன் செய்தபோது, ஒரு வாரமாக வெளியூர்க் கண்காட்சியில் இருக்கிறேன், தலைக்கு மேல வேலை என்றேன்.

முட்டி போட்டு மாட்ட ஆரம்பித்தேன். பதினொரு படங்கள். எல்லாவற்றிலும் அதே அறைக் கதவு, கட்டிலிலிருந்து பார்த்தபடி. கதவில் ஒவ்வொரு ஆள். ஒவ்வொன்றின் முதுகிலும் பென்சிலில் அவள் கையெழுத்து. 'ஊசி போட வந்தவள்.' 'தண்ணீர்க் கேன் கொண்டுவந்தவர்.' 'விலாசம் தவறி வந்தவர்.' அவர் முகத்தில் இருந்த முழிப்பைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். கை தேர்ந்த வேலை. இருபத்திரண்டு வருடம் படங்களோடு கிடந்தவளுக்கு அதுகூடத் தெரியாதா? ஏணியில் நின்றபோதே தெரிந்திருக்கும். அவள் தங்கை, நான் அக்கா, அவ்வளவுதான் விஷயம்.

பதினொன்றாவது படத்தைப் பிரித்தேன். கதவில் ஒரு பெண்ணின் முதுகு. பாதி திரும்பிவிட்டாள், ஒரு கால் ஏற்கெனவே வெளியே. தோளில் காக்கிப் பை. பையின் வாயில், படம் நேராக இருக்கிறதா என்று பார்க்கும் ரசமட்டம் நீட்டிக்கொண்டிருந்தது.

திருப்பிப் பார்த்தேன். 'தூங்குகிறேன் என்று நினைத்தவள்.'

நாளைக்கு அவள் வீட்டுக்காரர் வருவார். சொந்தமெல்லாம் வரும். என் பையைத் தெரியாத ஆள் எங்கள் குடும்பத்தில் கிடையாது. வெளியூரில் இருந்தவள் எப்படி இந்தப் படத்துக்குள் வந்தாள் என்று கேட்பார்கள். என்னிடம் ஒரே ஒரு வழி இருந்தது. பின்பக்கத்து வளையத்தில் ஒரு திருகாணியைக் கழற்றிவிட்டு, சட்டம் பழுது, மாட்டினால் விழும் என்று சொன்னால் போதும். என் பேச்சை இங்கே யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. படம் கிடங்குக்குப் போய்விடும். திருப்புளியை எடுத்து வளையத்தில் வைத்தும் விட்டேன். ஒரு உறுத்தலும் இல்லை. அதுதான் எனக்கே பயமாக இருந்தது.

"பெரியம்மா, படத்துக்குப் பக்கத்துல ஒட்டுற பேர் அட்டை எல்லாம் அச்சாயி வந்துருச்சு."

தங்கை மகள் அட்டைக்கட்டோடு பக்கத்தில் வந்து குந்தினாள். படத்தைப் பார்த்தாள்.

"இது மட்டும் யாருன்னு அம்மா சொல்லவே இல்ல. ரெண்டு மாசம் இதையேதான் வரைஞ்சாங்க. திரும்பிப் போறவங்களை எதுக்கும்மா வரையிறீங்கன்னு கேட்டேன். வந்தாங்கல்ல, அது போதும்னாங்க."

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். மூன்று வருடமாக அதைத்தானே செய்தேன்.

"நான்தான்டி அது."

"நீங்க வெளியூர்ல இருந்தீங்களே?"

"இல்ல. வந்தேன். கண்ண மூடியிருந்தா. தூங்குறான்னு நெனச்சுப் போயிட்டேன்."

அவள் என் பையைப் பார்த்தாள். படத்திலிருந்த பையைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. கத்துவாள் என்று நினைத்தேன், கத்தினால் தேவலை என்றும் நினைத்தேன்.

"அம்மா மத்தியானத்துல தூங்கவே மாட்டாங்க" என்றாள். குரலை உயர்த்தாமல், "கட்டிலுக்கும் கதவுக்கும் நாலு எட்டுதான் பெரியம்மா" என்றாள்.

"ம்" என்றேன்.

அவள் எழுந்து போய்விடவில்லை. படத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். நான் மறுபக்கத்தைப் பிடித்தேன். மாட்டினோம். பின்னால் நகர்ந்து போய், கோணலாக இருக்கிறதா என்று பார்த்தாள்.

"சரியா இருக்கா?" என்று கேட்டேன்.

"நீங்களே வந்து பாருங்க" என்றாள்.

அந்த நாலு எட்டு வைக்க என்னால் எழுந்திருக்க முடியவில்லை.