'ஆமாம்' பொத்தான்

காலையிலிருந்து நாலாவது தடவையாக அவள் வீட்டிலிருந்தே பாஸ்வேர்டு போட்டு ஆபீஸ் சர்வருக்குள் நுழையப் பார்த்தாள். சர்வரோடு இணைப்பதற்காக இலவசமாக இறக்கிய டெர்மினல் மென்பொருள் மறுபடியும் எச்சரித்தது: சர்வரின் கைரேகை (அதை அடையாளம் காட்டும் எழுத்துவரிசை) மாறியிருக்கிறது, நடுவில் வேறு யாரோ இருக்கலாம். கீழே 'ஆமாம்' என்றொரு பொத்தான். அதைக் கண்ணை மூடிக்கொண்டு அமுக்காதீர்கள் என்று ஆபீஸ் முழுக்கத் தொண்டைத்தண்ணி வற்றக் கத்தியவளே அவள்தான்.

அலுத்துக்கொண்டே, சர்வர் அறையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, மெஷினோட கைரேகையைப் படிங்க."

அவர் எழுத்தெழுத்தாகப் படித்தார். திரையில் இருந்ததோடு அச்சு அசலாகப் பொருந்தியது. அப்பாடா என்று பொத்தானை நெருங்கியவளுக்கு ஏதோ உறுத்தியது.

"மெஷின்கிட்டயே போய்ப் பாத்துத்தானே படிச்சீங்க?"

"எதுக்கு? எனக்கும் காலையில இதே எச்சரிக்கை வந்துச்சு. நீ சொன்ன மாதிரியே கண்ணை மூடிக்கிட்டு அமுக்காம, அதுல இருந்த ரேகையை நோட்டுல எழுதிட்டுத்தான் ஆமான்னு அமுக்கினேன்."

"ஐயோ அண்ணே, நடுவுல ஒருத்தன் இருந்தா, அதுல தெரியறது அவன் ரேகை!"



"அப்ப பாஸ்வேர்டை யாருக்கும்மா குடுத்தேன்?"