வெர்னாவுக்கு வெங்காயம் ஆகாது

வெர்னாவுக்கு வெங்காயம் ஆகாது. அதை அவள் வாய்க்குள்ளேயே முணுமுணுத்ததற்கு அந்தக் கோர்ட்டில் ராஜ மரியாதை கிடைத்தது. தீர்ப்புச் சொல்ல ஊர்க்காரர்களிலிருந்து பொறுக்கியெடுத்த பன்னிரண்டு ஜூரர்களுக்கும் வந்திருந்த மாட்டிறைச்சி சாண்ட்விச் அத்தனையும் கடைக்கே திரும்பிப் போயின.

"ஒருத்தர் வேண்டாம்னா எல்லாருக்கும் மாத்திடுவோம், மிஸ் வெர்னா. இங்க உங்க பேச்சுதான் சட்டம்," என்றார் கோர்ட் காவலர் ஹாய்ட்.

டெக்சஸின் அந்தச் சின்ன ஊரில் இருபத்தாறு வருஷமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள் வெர்னா. இப்போது அவளையும் இன்னும் பதினொரு பேரையும் ஓர் அறையில் அடைத்து, லோனி பிக்கன்ஸ் சாக வேண்டுமா என்று முடிவுசெய்யச் சொல்லியிருந்தார்கள். பெட்ரோல் பங்க் கல்லாவில் இருந்த ரூத் என்ற பெண்ணை அவன் சுட்டுக் கொன்றான். அதில் யாருக்கும் சந்தேகமில்லை, வெர்னாவுக்கும் இல்லை. மிச்சமிருந்தது ஒரே கேள்வி. இவன் உயிரை விட்டுவைக்க ஏதாவது காரணம் உண்டா?

இல்லை என்று எழுதப் பன்னிரண்டு பேரும் வேண்டும். எழுதினால் விஷ ஊசி. உண்டு என்று எழுதப் பத்துப் பேராவது வேண்டும். எழுதினால் சாகும்வரை ஜெயில். இரண்டும் இல்லாமல் நடுவில் நின்றால்? நீதிபதி தந்த தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தும் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

சாட்சி சொன்ன பழைய டீச்சர் ஒருத்தியின் பேச்சு வெர்னாவை விடவில்லை. ஆறு வயதில் லோனி ஸ்கூல் பஸ்ஸைவிட்டு இறங்க மாட்டானாம். வீட்டில் கணப்பு கிடையாது, பஸ்ஸுக்குள் சூடாக இருக்கும். அப்படிப்பட்ட பிள்ளைகள் வெர்னாவின் பஸ்ஸிலும் ஏறியிருக்கிறார்கள். இறங்கு, இறங்கு என்று அவளும் அதட்டி இறக்கிவிட்டிருக்கிறாள்.

முதல் வாக்கெடுப்பில் 'உண்டு' என்ற பக்கம் அவளோடு இரண்டு பேர் இருந்தார்கள். மதியச் சாப்பாடு முடிந்ததும் அவர்கள் கழன்றுகொண்டார்கள். வெங்காயமில்லாத சாண்ட்விச்சை எல்லோரும் ருசித்துச் சாப்பிட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஜூரிக்குத் தலைவர் தீவனக் கடை கிளெட்டஸ். "மிஸ் வெர்னா, உங்களுக்குப் பத்து வேணும். கையில இருக்கறது ஒண்ணு. மிச்ச ஒன்பதை எங்க போய்ப் பிடிப்பீங்க? ஏழு மணிக்கு ஸ்கூல் ஃபுட்பால் மேட்ச் வேற. அங்க என் பொண்ணு பேண்டுல டிரம் அடிக்கிறா."

"உன் பொண்ணு டிரம் அடிக்க ஒருத்தன் சாகணுமா, கிளெட்டஸ்?"

"சரி, சரி, கோவிச்சுக்காதீங்க. நீதிபதிகிட்டயே கேட்டுருவோம்."

நாங்கள் ஒத்துப்போகாவிட்டால் என்ன ஆகும் என்று எழுதி அனுப்பினார்கள். அரை மணி கழித்துப் பதில் வந்தது. 'ஏற்கெனவே தந்த தாளைப் பார்க்கவும். தொடர்ந்து பேசவும்.' அந்தத் தாளில் இல்லை என்றுதானே கேட்டார்கள்! படித்த மனுஷர், அதற்குமேல் அவரால் முடியவில்லை போலும்.

கிளெட்டஸ் குரலைத் தணித்துக்கொண்டார். "முடிவு சொல்லாம போனா கேஸ் மறுபடி முதல்லேர்ந்து நடக்கும். ரூத்தோட அம்மா அந்த ரத்தப் படத்தையெல்லாம் திரும்ப உக்காந்து பாக்கணும். பரவாயில்லையா?"

அந்த அம்மாளின் முகம் வெர்னாவின் கண்முன் வந்தது. ஒன்பது பேருக்கு அவள் எங்கே போவாள்? ஐந்தரை மணிக்கு 'இல்லை' என்ற பக்கம் அவள் கையும் மேலே போனது. நீதிபதி ஒவ்வொருவராக எழுப்பி, இது உங்கள் தீர்ப்புதானா என்று கேட்டார். "ஆமாம்," என்றாள். லோனி அவளை ஒருமுறை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டான்.

கார்கள் நிறுத்தும் இடத்தில் லோனியின் வக்கீல் நின்றிருந்தாள். சின்னப் பெண், அழுது முகம் வீங்கியிருந்தது.

"மன்னிச்சிரும்மா," என்றாள் வெர்னா. "என்னால பத்துப் பேரைச் சேர்க்க முடியல."

"பத்து எதுக்கும்மா? நீங்க ஒருத்தர் கடைசிவரைக்கும் ஒத்துக்காம இருந்திருந்தா போதுமே. மறுபடி கேஸும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. ஆயுள்தண்டனை கொடுத்துருப்பாங்க."

"ஒருத்தர் போதுமா? அப்ப ஏன் எங்ககிட்ட சொல்லல?"

"சொல்லக்கூடாதும்மா. நான் சொன்னாலும் தப்பு, நீதிபதி சொன்னாலும் தப்பு. சட்டத்துலயே அப்படித்தான் இருக்கு."

வெர்னா கோர்ட்டுக்கே திரும்பி ஓடினாள். மூச்சு வாங்கப் படியேறியபோது ஹாய்ட் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"ஹாய்ட், நீதிபதியைக் கூப்பிடு. நான் சொன்னதை மாத்தணும். நான் ஒத்துக்கல, நான் ஒத்துக்கவே இல்ல!"

"அவர் மேட்சுக்குப் போயிட்டாரே. சொன்னது சொன்னதுதான், இனிமே மாத்த முடியாது, மிஸ் வெர்னா. உங்க வேலை முடிஞ்சுது, வீட்டுக்குப் போங்க." ஏதோ ஞாபகம் வந்தவராகப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து அவள் கையில் வைத்தார். "இந்தாங்க, மதியம் ஒண்ணு மிஞ்சிச்சு. தைரியமா சாப்பிடுங்க, நானே பிரிச்சுப் பாத்துட்டேன். நீங்க ஒருத்தர் வேண்டாம்னு சொன்னீங்கல்ல, ஒரு துண்டு வெங்காயம்கூட இல்ல."