ஆள் இல்லாத அறை

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், பூமியைக் காப்பாற்றும் பொறுப்பை எங்கள் ஹோட்டல் ஏற்றுக்கொண்டுவிட்டது. கோட்டு போட்டுக்கொண்டு மானேஜரே அறிவித்தார். அறைக்கு அறை கூரையில் ஒரு சென்சார். அசைவு தெரிந்தால் ஏசி ஓடும். கொஞ்ச நேரம் தெரியாவிட்டால், உள்ளே ஆள் இல்லை என்று முடிவுகட்டி அணைத்துவிடும். விருந்தினருக்குச் சொகுசு, பூமிக்கு நிம்மதி. வரவேற்பு மேஜையில் இருந்த நாங்களும் கை தட்டினோம்.

ரிடையரான பஸ் டிரைவர் ஒருவர் மனைவியுடன் வந்து தங்கினார். எதிரே இருக்கும் ஆஸ்பத்திரியில் வைத்தியம். பக்கவாதம், அந்த அம்மாவுக்குக் கண் மட்டும்தான் அசையும். உஷ்ணம் பட்டால் மூச்சு வாங்கும்.

மருந்து வாங்கப் போனவர் திரும்பியபோது அறை அடுப்பாகக் கொதித்தது. தலையணை தொப்பலாக நனைந்திருந்தது. கதவையே பார்த்தபடி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள் மனைவி.

கீழே இறங்கி வந்தவர் கத்தினார். "உயிரோட ஒருத்தி படுத்திருக்கா. ஆளே இல்லைங்குதா உங்க மிஷினு?"

"அவங்க அசையலையே சார்," என்றார் மானேஜர்.

"கண்ணு அசையுதேய்யா!"

"அது பத்தாதாம் சார். மாத்தற வசதி ஹெட் ஆபீஸ்லதான் இருக்கு. எழுதிப் போடறேன். அதுவரைக்கும் மேடத்தை அப்பப்ப கையை மட்டும் கொஞ்சம் ஆட்டச் சொல்லுங்களேன்."

"அது முடிஞ்சா நான் ஏன்யா இங்க வந்து உன் மூஞ்சியப் பாக்கறேன்?"

அன்றிலிருந்து அவரே ஆடினார். கட்டில் பக்கத்தில் நின்று, பஸ்ஸைப் பின்னால் எடுக்கச் சொல்வதுபோல் இரண்டு கையையும் வீசுவார். "வா, வா... ரைட்டு, ரைட்டு... ஹோல்டான்!" அந்த அம்மாவின் கண் சிரிக்கும். கடைக்குப் போகவேண்டுமென்றால், அறை சுத்தம் செய்யும் பெண்ணை ஆடவிட்டுப் போவார்.

"நல்லா வீசும்மா. பஸ் ஓனரம்மா படுத்துக்கிட்டே பாக்கறா."

"அக்கா என்னைப் பாத்துதான் ஜாஸ்தி சிரிக்கறாங்கண்ணே."

ஒரு மத்தியானம் அந்தப் பெண் துண்டு மாற்றப் போய்க் கதவைத் திறந்தபோது அறை புழுங்கியது. மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, ஏசி நின்னுடுச்சு. கையை வீசுங்க."

"வேணாம்மா," என்றார். "அவளுக்கு இனிமே வேர்க்காது."

மறுவாரம் ஹெட் ஆபீஸிலிருந்து ஆள் வந்து சென்சாரைச் சோதித்தார். அதில் எந்தக் கோளாறும் இல்லை.