எட்டாம் படியில் எடுத்த படம்

நான்கு மிதி. அதற்கு மேல் மிதிக்க இடமில்லை.

மரிபெல் மூன்றாவது மிதியில் இருந்தபோது முதுகுக்குப் பின்னால் பூட்டியிருந்த இரும்புக் கேட் திறந்தது. ஒரு லாரி ரிவர்ஸில் உள்ளே வரும் 'பீப்... பீப்...' சத்தம். திரும்பவில்லை. திரும்பினால் பல் போகும்.

சைக்கிளோடு எம்பினாள்.

பின் சக்கரத்தின் அச்சிலிருந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்த சின்ன இரும்புக் குழல், படிக்கட்டின் நடுவே இறங்கும் கைப்பிடிக் கம்பியின் மேல் 'ணங்'கென்று உட்கார்ந்தது. அந்தக் குழலுக்குச் சைக்கிள் வித்தைக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் பெக். முன் சக்கரம் அந்தரத்தில் நின்றது. இரும்பும் இரும்பும் உரசி அலற, எட்டுப் படிகள் சறுக்கலில் ஓடின.

முதல் மடிப்பு வந்தது. அங்கே கம்பி படுத்துக்கொள்ளும். ஆறடி தூரம் மட்டமாகப் போய், இரண்டாவது மடிப்பில் மறுபடி எட்டுப் படி இறங்கும். முதல் மடிப்பைத் தாண்டினாள். மட்டத்தையும் தாண்டினாள். இரண்டாவது மடிப்பில் முன் சக்கரம் கவிழ்ந்தது.

சைக்கிள் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம்.

"உயிரோட இருக்கியாடி?" கீழே கேமராவுடன் மண்டியிட்டிருந்த டோரியன் கேட்டான். பதிவை நிறுத்தாமலே கேட்டான்.

"ஷூட் பண்ணிக்கிட்டே கேக்கறியே, நீயெல்லாம் மனுஷனாடா?"

"விழறதும் வீடியோல வேணும்ல?"

அமெரிக்காவின் லாங் பீச் துறைமுகத்தின் கிரேன்கள் இன்னும் பனிமூட்டத்துக்குள்தான் இருந்தன. மணி ஏழு நாற்பது. முழங்கையில் வழிந்த ரத்தத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மரிபெல் மேலே பார்த்தாள். நகராட்சியின் ஆரஞ்சு நிற லாரி கேட்டை அடைத்துக்கொண்டு நின்றது. அதிலிருந்து ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் இறங்கினார். இடது கையில் காப்பி. வலது கை மடங்கியபடியே இருந்தது. சட்டைப் பையின் மேல் 'ராண்டல்' என்று தைத்திருந்தது.

"ஏம்மா, விளையாட்டை முடிச்சுக்கோ. எட்டு மணிக்கு இந்தக் கம்பியை அறுக்கணும். மத்தியானம் புதுசு வருது."

"புதுசுன்னா?"

"குமிழ் வெச்சது."

அடிக்கு ஒரு குமிழ். அதில் எந்தப் பெக்கும் சறுக்காது. பறவைகூட யோசித்துத்தான் உட்காரும். மரிபெல் பதினோரு வாரமாக, வேலைக்குப் போகுமுன் தினமும் காலையில் வந்து விழுகிறாள். பேக்கரியில் அவள் கைக்கட்டைப் பார்த்து வாடிக்கையாளர்கள் வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று தணிந்த குரலில் விசாரிக்கிறார்கள். பின் பெக்கில் மட்டும் நின்று, முன் சக்கரத்தைத் தரைக்கும் கம்பிக்கும் காட்டாமல், இரண்டு மடிப்பையும் தாண்டி இறங்க வேண்டும். இதற்குப் பெயர் ஐஸ் பிக். இன்று இல்லையென்றால் என்றுமே இல்லை.

"சார், ப்ளீஸ். ஒரு அரை மணி நேரம்."

ராண்டல் கம்பியைப் பார்த்தார். அவள் முழங்கையைப் பார்த்தார். கம்பியை மறுபடி பார்த்தார்.

"ஜெனரேட்டர் இன்னும் வந்து சேரல. வர்ற வரைக்கும் நான் காப்பி குடிப்பேன். நீ என்ன பண்றேன்னு எனக்குத் தெரியாது."

மதில் மேல் காலைத் தொங்கப்போட்டு பரிட்டோ ரொட்டிச் சுருளைத் தின்றுகொண்டிருந்த ரோர்க் சிரித்தான். அவனும் சைக்கிள்காரன்தான். ஆனால் கடந்த ஒரு மாதமாக அவன் ஓட்டுவது வாயைத்தான்.

"எதுக்கு மரி இந்த ரத்ததானம்? ஸ்பூன் எப்பவோ பண்ணிட்டுப் போயிட்டான். நீ இறங்கினாலும் ரெண்டாவது ஆளுதான்."

இந்தக் கூட்டத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஓர் இடத்தில் ஒரு வித்தையை முதலில் செய்தவருக்கே அது சொந்தம். அடுத்து வருபவர் செய்தால் நகல். இந்தக் கம்பியின் ஐஸ் பிக், இருபத்தாறு வருடமாக ஸ்பூன் என்ற பட்டப்பெயர்க்காரனுக்குச் சொந்தம். சாட்சி, சைக்கிள் கடைக் கல்லாவுக்கு மேலே ஒட்டியிருக்கும் ஒரே ஒரு ஜெராக்ஸ் படம். எட்டாவது படி, முன் சக்கரம் வானத்தில், முதுகு மட்டும் தெரியும் ஓர் ஆள். வீடியோ கிடையாது. அதற்குப் பிறகு அவனை யாரும் பார்க்கவும் இல்லை. பாதிரியாராகிவிட்டான் என்பார்கள் சிலர். செத்தே போய்விட்டான் என்பார்கள் சிலர்.

"ரெண்டாவது ஆளா இருக்கத்தான் வந்திருக்கேன். உனக்கென்ன?" என்றாள் மரிபெல்.

பொய். ராத்திரி படுக்கையில் அந்த 'ரெண்டாவது' அவள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொள்வது ரோர்க்குக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

சைக்கிளைத் தூக்கிக்கொண்டு படி ஏறினாள். லாரியின் பின்பக்கத்துக்கும் படிக்கட்டுக்கும் நடுவே அதே நான்கு மிதி தூரம்தான் மிச்சம். மூச்சை இழுத்தாள். மிதித்தாள். எம்பினாள்.

ணங்.

இந்த முறை அலறல் இல்லை. 'ஸ்ஸ்' என்று ஒரு வழுக்கல். பெக் கம்பியின் மேல் எண்ணெய்ச் சட்டியில் விட்ட மாதிரி பாய்ந்தது. என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் முதல் மடிப்பு போய், இரண்டாவது மடிப்பும் போய், சைக்கிள் அவளுக்கு முன்னால் பறந்தது. அவள் மல்லாக்க விழுந்தாள். முதுகு படி விளிம்பில் மோத, கொஞ்ச நேரம் மூச்சே வரவில்லை.

மூச்சு வந்ததும் முதலில் செய்த காரியம், கம்பியைத் தடவி விரலை முகர்ந்தது.

மெழுகு.

"எவன்டா மெழுகு தேய்ச்சது?"

டோரியன் கேமராவுக்குப் பின்னால் ஒளியப் பார்த்தான். ஆறடி ஆளை எந்தக் கேமராவும் மறைக்காது.

"நான்தான்... நீ படி ஏறும்போது. நேரம் இல்லையே, நல்லா வழுக்கட்டுமேன்னு..."

"டேய்! கல் திண்ணைக்குத் தேய்க்கிறதைக் கொண்டு வந்து கம்பியில தேய்ப்பியா? ஒத்தக் கால்ல நிக்கறவளுக்குத் தரையில எண்ணெய் ஊத்தற மாதிரி!"

"நல்லதுன்னு நெனச்சேன் மரி."

எந்த இடத்துக்குப் போனாலும் முதல் வேலையாகப் பையிலிருந்து மெழுகுக் கட்டியை எடுப்பது இவர்கள் வழக்கம். கை தானாகவே தேய்த்துவிடும். திட்டி என்ன பயன்?

மேலேயிருந்து ஏதோ உருண்டு வந்து அவள் காலடியில் நின்றது. ஒரு டின் தின்னர்.

"பெயிண்ட் துடைக்க வெச்சிருந்தது," என்றார் ராண்டல். "ரெண்டாவது மடிப்புக்கு உள்பக்கமும் துடைங்க. பெக்கு அங்கதான் சாயும்."

டோரியன் தன் டி-ஷர்ட்டைக் கழற்றினான். அது போதவில்லை. மரிபெல் நிமிர்ந்து ரோர்க்கைப் பார்த்தாள்.

"என்னடி பாக்கறே? என் சாக்ஸா?"

"ரெண்டும்."

முணுமுணுத்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தான். மூன்று பேரும் குனிந்து தேய்த்தார்கள். ரோர்க்கின் சாக்ஸைத் தின்னரில் நனைத்த பிறகுதான் கிட்டே போக முடிந்தது என்று டோரியன் சொன்னான். மேலே ராண்டலின் போன் அடித்தது. "இல்ல சார்... ஜெனரேட்டர் வரல சார்... ஆமா, நின்னுக்கிட்டுதான் இருக்கேன்" என்று அவர் யாரிடமோ சொல்வது கேட்டது. மணி எட்டேகால்.

தேய்த்துக்கொண்டிருந்த மரிபெல்லின் கை சட்டென்று நின்றது.

"டோரி, அந்தக் கடைசி விழுகையைக் காட்டு."

சின்னத் திரையில் ஓட்டினான். மெழுகில் பாய்ந்து போகிறாள். முதல் மடிப்பு. மட்டம். இரண்டாவது மடிப்பு...

"நிறுத்து. முன் சக்கரத்தைப் பாரு."

கவிழவில்லை. இத்தனை வாரத்தில் முதல் முறையாக இரண்டாவது மடிப்பில் முன் சக்கரம் கவிழாமல், மேலே நின்றது. விழுந்தது வழுக்கலால். சக்கரம் நின்றது வேகத்தால்.

"எனக்கு வேகம் பத்தலடா! இவ்வளவு நாளும் மட்டத்துல வேகம் செத்துப்போயிருக்கு. நாலு மிதி பத்தாது. ஆறு வேணும்."

"ஆறு மிதிக்கு எங்க போவே? பின்னாடி லாரி நிக்குது."

மரிபெல் லாரியைப் பார்த்தாள். அதன் நீளமான, காலியான தளத்தைப் பார்த்தாள். பின்னால் மடித்து வைத்திருந்த, சாமான் ஏற்றும் சரிவுப் பலகையைப் பார்த்தாள்.

"சார்! அந்தப் பலகையை இறக்க முடியுமா?"

ராண்டல் அவளை ஒரு நொடி உற்றுப் பார்த்தார். அவர் முகத்தில் என்னவோ ஓடியது. காப்பியைக் கீழே வைத்துவிட்டு, இடது கையால் பொத்தானை அழுத்தினார். சரிவுப் பலகை முனகிக்கொண்டே இறங்கி, படிக்கட்டுக்கு நேராகத் தரையைத் தொட்டது.

"ஒரே ஒரு தடவைதான்மா," என்றார். "இதுக்கு மேல என்னால போன்ல பேச முடியாது."

லாரித் தளத்தின் கோடியில், டிரைவர் கேபினில் முதுகு ஒட்ட, மரிபெல் சைக்கிளில் ஏறி நின்றாள். இங்கிருந்து பார்த்தால் கம்பி நூல் மாதிரி தெரிந்தது. கீழே டோரியன் வெற்று மார்போடு நடுங்கிக்கொண்டு கேமராவை உயர்த்தினான். ரோர்க் தின்பதை நிறுத்தியிருந்தான்.

ஒன்று. இரண்டு.

சரிவுப் பலகை தடதடத்தது. காற்று காதில் அறைந்தது.

மூன்று. நான்கு. ஐந்து. ஆறு.

எம்பினாள்.

ணங்!

அலறியது கம்பி. அந்த அலறல்தான் அவளுக்கு வேண்டியிருந்தது. பிடிமானத்தின் அலறல். எட்டுப் படிகள். முதல் மடிப்பு உள்ளங்காலில் உதைத்தது. முழங்காலை மடக்கி அதை விழுங்கினாள். மட்டம். வேகம் சாகவில்லை. இரண்டாவது மடிப்பு. கம்பி காலடியிலிருந்து நழுவி இறங்கியது. இடுப்பைப் பின்னுக்குத் தள்ளினாள், கைகளை நீட்டினாள். முன் சக்கரம் தாழ்ந்தது... ஒரு விரற்கடை... நின்றது. நின்றேவிட்டது!

ஒன்பது, பத்து, பதினொன்று... எண்ணுவதை விட்டாள். கம்பி தீர்ந்தது. பின் சக்கரம் தரையைத் தொட்டது. முன் சக்கரம் தொட்டது.

சைக்கிள் ஓடிக்கொண்டே இருந்தது.

டோரியன் வீறிட்டது துறைமுகம் வரை கேட்டிருக்கும். கேமராவையும் அவளையும் சேர்த்துக் கட்டிக்கொண்டான். "எடுத்துட்டேன்! எல்லாத்தையும் எடுத்துட்டேன்!" மரிபெல் சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை. வாய் மட்டும் "பண்ணிட்டேன், பண்ணிட்டேன்" என்றது. ரோர்க் வெறுங்காலோடு மதிலிலிருந்து குதித்து ஓடி வந்தான். பரிட்டோவின் மிச்சத்தை அவள் கையில் திணித்தான். அவனிடமிருந்து அதைவிடப் பெரிய மரியாதை கிடைக்காது.

"ஒத்துக்கறேன். நீ பேய்டி. ரெண்டாவது ஆளா இருந்தாலும் பேய்."

"போடா," என்று வாய் நிறைய மென்றுகொண்டே சொன்னாள். இன்று அந்த 'ரெண்டாவது' அவ்வளவாகக் குத்தவில்லை. கொஞ்சம் குத்தியது.

ராண்டல் ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்தார். கம்பியின் இரண்டாவது மடிப்புக்குப் பக்கத்தில் வைத்து விசையை அழுத்தினார். 'வ்ர்ர்ர்' என்று உறுமியது ரம்பம்.

மரிபெல் மெல்லுவதை நிறுத்தினாள். ரம்பத்திலிருந்து எந்த ஒயரும் போகவில்லை.

"சார்... ஜெனரேட்டர்?"

"இது பேட்டரில ஓடறதும்மா." ரம்பத்தை அணைத்தார். "ஜெனரேட்டர்னு எதுவும் கிடையாது."

"அப்ப எதுக்கு இவ்வளவு நேரம் காத்திருந்தீங்க?"

ராண்டல் வலது சட்டைக் கையைச் சுருட்டினார். நிமிராத அந்த முழங்கையைச் சுற்றி, தையல் தடம் பூரான் மாதிரி ஓடியது.

"கடையில ஒரு படம் ஒட்டியிருக்கே, அது எட்டாவது படியில எடுத்தது. ஒன்பதாவது படியில இந்தக் கை மூணு துண்டாச்சு." இரண்டாவது மடிப்பை உள்ளங்கையால் தடவினார். "படம் எடுத்தவன் நான் விழுந்ததை வெளியில சொல்லல. ஆஸ்பத்திரியிலிருந்து நான் வர்றதுக்குள்ள ஊரே ஸ்பூன் பண்ணிட்டான்னு கொண்டாடிடுச்சு. இல்லேன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அதான் சைக்கிளையே விட்டுட்டேன்."

"அப்ப ஸ்பூன்..." என்று இழுத்தான் ரோர்க்.

"அந்த ஸ்பூன் நான்தான்மா," என்றார் ராண்டல். "நான் கீழே இறங்கவே இல்ல. இந்தக் கம்பியில முதல் ஆளு நீதான்."