முதலாளியம்மாவின் குரல்

டப்பிங் தொழிலில் தாசம்மாளுக்குக் கிடைத்ததெல்லாம் வேலைக்காரியும் மீன்காரியும்தான். மலையாளம் கலந்த பாறசாலைப் பக்கத்துத் தமிழ் அவள் நாக்கில் அப்படி ஊறிப்போயிருந்தது. அதனால் ஒரு அமெரிக்கத் தொடரின் தமிழ் டப்பிங்கில் கதாநாயகியே உங்களுக்குத்தான் என்று ஸ்டுடியோவிலிருந்து போன் வந்தபோது அவள் நம்பவில்லை. கதாநாயகி ஒரு கறுப்பினப் பெண். ஊரார் துணியை வெளுத்து வயிறு கழுவியவள், கூந்தல் தைலம் காய்ச்சி விற்றுப் பெரிய முதலாளியாகிறாள். அந்தக் காலத்தில் அவள் இனத்தில் எந்தப் பெண்ணும் நினைத்துப் பார்க்காத காரியம்.

பாதித் தொடர் வரைக்கும் தாசம்மாள் தொண்டை வறளப் பேசினாள். துணி வெளுத்தாள், புருஷனிடம் அடி வாங்கினாள், வீடு வீடாகப் படியேறித் தைலம் விற்றாள். அந்தப் பெண் முதலாளி நாற்காலியில் உட்காரும் காட்சிக்காகத்தான் அத்தனை அலுப்பையும் பொறுத்துக்கொண்டாள். பஸ்ஸில் நின்றுகொண்டு முணுமுணுத்தே அந்த வசனம் மனப்பாடமாகிவிட்டது.

அந்தக் காட்சியன்று போனால், மைக்குக்கு முன்னால் கரமனை அக்ரஹாரத்து வடிவாம்பாள் நிற்கிறாள். ரேடியோவில் செய்தி வாசித்துப் பழகிய குரல். டைரக்டர் ஸ்ரீஜித் பொறுமையாக விளக்கினான். கதையில் குழந்தை வளர்ந்துவிட்டால் வேறு ஆளைப் பேச வைப்பதில்லையா, இதுவும் அதுபோலத்தானாம். பணம் வந்தபிறகு அவள் பேச்சில் ஒரு ஸ்டாண்டர்ட் வேண்டுமாம். நடிகை அதே நடிகைதான். பணம் வந்தால் தொண்டை மாறும் என்பது ஸ்ரீஜித் கண்டுபிடித்த வைத்தியம். தாசம்மாளை ஒன்றும் கைவிட்டுவிடவில்லை என்றும் சொன்னான். முதலாளியம்மாவின் மாளிகையில் ஒரு வேலைக்காரி இருக்கிறாள்.

வடிவாம்பாளுக்கும் அன்று காலையில்தான் விஷயம் தெரியுமாம். சங்கடத்தோடு ஒதுங்கி இடம் கொடுத்தாள். தாசம்மாளுக்குச் சண்டை போடத் தெம்பில்லை. ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

திரையில் வேலைக்காரி காப்பித் தட்டோடு வந்து, இதோ கொண்டுவந்துவிட்டேன் அம்மா என்றாள். அவ்வளவுதான் வசனம். தாசம்மாள் அதைப் பேசி முடித்ததும் ஸ்ரீஜித் நிறுத்தினான்.

"சேச்சி, சவுண்ட் கொஞ்சம் மாத்திப் பேசணும் கேட்டோ. இல்லெங்கி பாக்கிற ஆளுகளுக்குப் பழைய ஹீரோயின்னு தோணிப்போகும்."

மூக்கால் பேசச் சொன்னான். கீச்சென்று பேசச் சொன்னான். எத்தனையோ வேலைக்காரிகளுக்கு எத்தனையோ விதமாகப் பேசியவள்தான் தாசம்மாள். அன்றைக்கு ஒரு விதமும் வரவில்லை. வரவிடவில்லை என்பதுதான் சரி.

"மாறாது சாரே," என்றாள் களைப்போடு. "துணி வெளுத்து அந்த வீட்ட கெட்டுனது எனக்க கொரலுதான். காப்பி கொடுக்கதும் அதுலதான் கொடுப்பேன்."

வடிவாம்பாள் தலையைக் குனிந்துகொண்டாள். ஸ்ரீஜித்துக்கும் அலுத்துப்போயிருந்தது. வேலைக்காரி பேசுவதை யார் கவனிக்கப்போகிறார்கள் என்று ஓகே சொல்லிவிட்டான்.