இடப்பக்கத்துக் கட்டை

ஏட்டு சைக்கிளை வேலியில் சாய்த்தபோது வாசலில் பாடைக்கு மூங்கில் பிளந்துகொண்டிருந்தார்கள். காக்கிச்சட்டையைக் கண்டதும் ஒப்பாரி நின்றது.

"யாருப்பா போனது?"

"எங்கண்ணே நல்லகாமன், ஏட்டய்யா. விடியக்காலம். மாருவலி," என்றான் முத்திருளன்.

ஏட்டு வாசலோடு நின்றுவிட்டார். "வேலை முடிஞ்சிருச்சு, வந்து வாங்கிக்கங்கன்னு நேத்துத்தான்யா சொல்லிவிட்டான். இந்நேரத்துல கேக்கக்கூடாது. இன்ஸ்பெக்டரய்யா நாளைக்குத் துரைகூட கேம்ப் போறாரு. கைப்பிடி இல்லாம ரிவால்வர் பொட்டியில கெடக்கு."

"மதினி, எடுத்துக் குடுத்துருங்க."

இருளாயி எழுந்து, கிடத்தியிருந்த புருஷனைச் சுற்றிக்கொண்டு மாடத்துக்குப் போனாள்.

நல்லகாமன் மேசை நாற்காலிக்குப் பாலிஷ் போடுகிறவன். இன்ஸ்பெக்டர் மேசைக்கு அவன் போட்ட பாலிஷைப் பார்த்துத்தான் இந்த வேலை வந்தது. போலீஸ்காரர்கள் அவனை நம்பிக் கொடுத்த முதல் சாமான். துப்பாக்கிப் பிடிக்கு இரண்டு பக்கமும் இரண்டு மரக்கட்டைகள். உள்ளங்கை பட்டுப் பட்டு அவற்றில் வெட்டியிருந்த கோடுகள் மழுங்கி, வியர்வையும் எண்ணெயும் ஏறிக் கறுத்துக் கிடந்தன. சாக்குக்கட்டிப் பொடியைக் குழைத்துப் பூசி எண்ணெயை இழுக்கவைத்தான். உப்புத்தாள் போட்டான். மூன்றாம் நாள் இடப்பக்கத்துக் கட்டையைக் காணோம்.

இருளாயிதான் அடுப்பில் போட்டிருந்தாள். அவன் உட்காருகிற இடத்தில் கிடக்கும் தூளும் துண்டும் அடுப்புக்குத்தான். இருபது வருஷமாக அப்படித்தான் அள்ளிப் போடுகிறாள். மறுநாள் சாம்பல் வாரும்போது கட்டையில் பதிந்திருந்த பித்தளை வளையம் கையில் அகப்பட்டது. அவன் அப்போது கூரை ஏறி ஓலையைப் பிரித்துத் தேடிக்கொண்டிருந்தான். "எங்கிட்டு வச்சேன்னு தெரியலையே, கழுத" என்று தன்னையே வைதான். சொல்லியிருக்கலாம். சாம்பலோடு வளையத்தையும் எருக்குழியில் கொட்டினாள்.

ஒரு சாதி முழுவதும் ஸ்டேஷனில் கைரேகை வைக்கச் சட்டம் போட்டிருந்த காலம். அந்தச் சாதியில் பிறந்தவன் போலீஸ் சாமானைத் தொலைத்துவிட்டேன் என்றால் யார் நம்புவார்கள்? ஸ்டேஷனில் நாலு பேர் பார்க்க அறைந்து, "களவாணிப்பயலே, ஒரு மாசத்துல கட்டை வரணும்" என்றார்கள். பழைய ஈட்டிமரக் கட்டில்கால் ஒன்றைத் தேடிப் பிடித்து, வலப்பக்கத்தைப் பார்த்துப் பார்த்து இடப்பக்கத்தைச் செதுக்கினான். ஒவ்வொரு கோடும் மயிரிழை. பழைய பித்தளையில் வளையமும் வெட்டிப் பதித்தான். சாப்பிட உட்காரும்போது சொல்வான்: "வச்ச எடம் மறந்துபோகுது இருளாயி. இனிமே என்னய நம்பி எதுவும் குடுக்காத."

அவள் குழம்பை ஊற்றுவாள்.

ஏட்டு துணியைப் பிரித்து இரண்டு கட்டைகளையும் வெயிலில் திருப்பினார். விரலால் கோட்டைத் தடவினார்.

"இதுல எதுய்யா புதுசு? இதானே?"

அவர் காட்டியது பழையது.

"கைகாரன்தான். தொலைச்சேன்னு சொன்னத எங்கிட்டுக் கொண்டுபோய் வித்தானோ, போறப்ப ஈடுகட்டிட்டுப் போயிட்டான்."

"விக்கலய்யா," என்றான் முத்திருளன். "மறதி. கடேசியில அண்ணே ரொம்பத் தடுமாறிப்போச்சு."

இருளாயி அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு புருஷன் முகத்தைப் பார்த்தாள். யாரோ நெற்றியில் வைத்த காசு ஒரு பக்கமாக நழுவியிருந்தது.

"அவுக விக்கவுமில்ல, மறக்கவுமில்ல," என்றாள். "நாந்தேன் எரிச்சேன்."

பக்கத்து வீட்டு முத்துத்தாய் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "அழுதுரு ஆத்தா. காலையிலருந்து ஒரு சொட்டு விடல, கல்லு மாதிரி இருந்தியே. அழுதுரு."

"அழுகலக்கா. நெசமாத்தேன் சொல்றேன். அடுப்புல வச்சு நாந்தேன் எரிச்சேன். தெரிஞ்சும் வாயத் தொறக்கல."

"ஆமாடி, தாலி போனா, நாந்தேன் எரிச்சுக் கொன்னேன்னுதேன் எந்தப் பொம்பளைக்கும் தோணும்."

இருளாயி இன்னும் சத்தமாகச் சொன்னாள். தொண்டை உடைந்து அது கத்தலாக வந்தது. முத்துத்தாய் அந்த வரியைப் பிடித்துக்கொண்டாள். 'நாந்தேன் எரிச்சேனே, எந்தங்கமே, நாந்தேன் எரிச்சேனே' என்று ராகம் கூட்டி இழுத்தாள். பெண்கள் தோளோடு தோள் சேர்த்து, மாரில் அடித்துக்கொண்டு, அதையே திருப்பிச் சொன்னார்கள்.

ஏட்டு துணிமுடிச்சைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்று கேட்டார். பிறகு சைக்கிளைத் தெருமுனை வரைக்கும் ஏறாமல் தள்ளிக்கொண்டே போனார்.